விழிஞ்ஞம் கண்டோம்

பிழைப்பை நாடித் திருவனந்தபுரம் வந்து குடியேறிய நம்மவர், ஊரிலிருந்து உறவினர் வந்தால் அழைத்துச் செல்லும் இடங்கள் பெரும்பாலும் மூன்றே: பத்மநாபசுவாமி கோயில், மிருகக்காட்சி சாலை, கோவளம் கடற்கரை. கோவளத்துக்குப் போனவர்கள் கலங்கரை விளக்கத்தின் அடியில் சிறிது நேரம் நின்று அலையைப் பார்த்துவிட்டு, வறுத்த கடலையைக் கொறித்தவாறே பேருந்து ஏறிவிடுவர். அங்கிருந்து தெற்கே கூப்பிடு தூரத்தில் விழிஞ்ஞம் என்னும் பழம்பெரும் துறை இருப்பதையும், இன்று உலகின் மிகப் பெரிய சரக்குக் கப்பல்கள் அங்கே வந்து நிற்பதையும் நம்மில் பலர் நாளிதழில் படித்தறிந்ததோடு சரி. சென்ற திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்குறையைத் தீர்த்துக்கொண்டு வந்தோம்.

நாங்கள் சென்றது நால்வர். இருவர் புகைவண்டி அலுவலகத்தில் எழுத்தர்கள், ஒருவர் வீட்டம்மாள், நான்காமவன் நாகர்கோவிலிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த பாலிடெக்னிக் மாணவன், எங்களுக்கு மருமகன் முறையாக வேண்டும். அவன் கையில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. பேருந்தில் நெரிசல் மிகுந்தபோதும் அதனை எவரிடமும் கொடாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தான். அப்பெட்டியைப் பற்றிப் பின்னர் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கிழக்கேகோட்டையில் ஏறினால் விழிஞ்ஞம் ஏறத்தாழ 16 கிலோமீட்டர். புகைவண்டிக்காரர்களாகிய எங்களுக்கு இன்னும் அவ்வூருக்குத் தண்டவாளம் இல்லை என்பது சிறிது வருத்தந்தான். பாலராமபுரத்திலிருந்து 10.7 கிலோமீட்டர் நீளத்தில், பெரும்பகுதி நிலத்தடிச் சுரங்கமாக, ஒரு பாதை அமைக்கத் திட்டமிட்டுள்ளனர். அது வந்த பிறகு மற்றொரு முறை செல்லலாம் என்று காத்திருந்தால் நாம் ஓய்வு பெற்றுவிடுவோம் என்று நண்பர் கூறினார்.

விழிஞ்ஞம் ஆய் மன்னர்களின் துறைமுகமாக விளங்கிய ஊர். 8-ஆம் நூற்றாண்டில் பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகன் இதன்மேல் படையெடுத்து வென்றான் என்று செப்பேட்டுச் செய்தி உண்டு. சோழர் ஆட்சியில் இராசேந்திர சோழ பட்டினம் என்னும் பெயரையும் இவ்வூர் தாங்கியது. அக்காலத்தின் சான்றாக இன்று கண்ணுக்குத் தெரிவது ஊருக்குள் உள்ள சிறு குடைவரைக் கோயில் ஒன்றுதான். ஒற்றைப் பாறையைக் குடைந்து செய்த சிற்றறையில் வீணாதர தட்சிணாமூர்த்தி அமர்ந்திருக்கிறார். வாயிலின் இரு மருங்கிலும் முற்றுப்பெறாத சிவன் உருவங்கள் இரண்டு. ஒன்று திரிபுரம் எரித்த கோலம், மற்றது ஆடற்கோலம். சிற்பி உளியை வைத்துவிட்டுப் போன காரணம் எதுவாயினும், ஆடத் தொடங்கி நின்றுபோன அந்தக் காலைப் பார்த்துக்கொண்டு வீட்டம்மாள் வெகுநேரம் நின்றுவிட்டார்.

அங்கிருந்து மீன்பிடித் துறைமுகத்துக்கு நடந்தோம். குடாவின் ஒரு பக்கம் பள்ளிவாசல். மறுபக்கம் கடற்பயணிகளைக் காக்கும் சிந்து யாத்திரை மாதாவின் தேவாலயம். நடுவே நூற்றுக்கணக்கில் வள்ளங்கள் வண்ணம் வண்ணமாக நின்று அசைந்தன. அவற்றுக்கு அப்பால், தெற்கே, வானத்தில் கோடு கிழித்தாற்போல் புதிய துறைமுகத்தின் பளுதூக்கிகள் தெரிந்தன.

இத்துறைமுகப் பணி 2015 டிசம்பரில் தொடங்கியது. சரக்குப் பெட்டகங்கள் ஏற்றிய முதல் பெரிய கப்பல் சான் பெர்னாண்டோ 2024 ஜூலையில் வந்தது. வாணிகப் பணி அவ்வாண்டு டிசம்பரில் தொடங்க, 2025 மே 2-ஆம் நாள் பிரதமர் இதனை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அடுத்த திங்களிலேயே எம்.எஸ்.சி. ஐரினா என்னும் கப்பல் வந்தது. நீளம் 400 மீட்டர். கரைக்கு மிக அருகிலேயே கடல் 18 மீட்டருக்கு மேல் ஆழமுடையதாயிருப்பதும், கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் பெருங்கடல் வழி பத்துக் கடல் மைல் அளவில் அமைந்திருப்பதும் இவ்வூருக்கு இயற்கை தந்த பேறு.

துறைமுகத்துக்குள் நம்மைப் போன்றவர் நினைத்தவுடன் நுழைய இயலாது. ஆகவே மீன்பிடித் துறையின் மேடையில் நின்றே பார்த்தோம். கப்பலின்மேல் நீண்ட கை ஒன்றை நீட்டிக்கொண்டிருந்த பளுதூக்கி, கண்டெய்னர் எனப்படும் சரக்குப் பெட்டகம் ஒன்றைக் கயிற்றில் தூக்கிக் கரைப் பக்கம் கொண்டுவந்தது. நிறை சரக்கோடு அத்தகைய பெட்டகம் ஒன்று 30 டன் வரை எடை நிற்கும். அது வந்து நின்ற விதந்தான் எங்களைக் கவர்ந்தது. ஊஞ்சலைத் தள்ளிவிட்டு நாம் சட்டென்று நின்றால் ஊஞ்சல் முன்னும் பின்னும் ஆடாதா? இப்பெட்டகமோ, ஏதோ அறிவுள்ள பிராணி போல், வந்த இடத்தில் அடங்கி நின்று கீழே இறங்கிற்று.

எங்கள் நண்பர் முன்பு சென்னைத் துறைமுகத்தை அடுத்த சரக்கு நிலையத்தில் வேலை பார்த்தவர். அவர் சொன்னார்: "பழைய முறையில் மேலே ஓடும் தள்ளுவண்டியோடு ஒரு கண்ணாடிக் கூண்டு தொங்கும். ஓட்டுபவர் அதற்குள் அமர்ந்து, இரு கால்களுக்கும் நடுவே கீழே பார்த்தபடியே எட்டு மணி நேரம் ஓட்டுவார். இடுப்பும் கழுத்தும் போய்விடும். இங்கே அப்படியன்று. ஓட்டுபவர் தொலைவில் ஓர் அறைக்குள் நாற்காலியில் இருக்கிறார். கண்ணுக்குக் காமிராப் படம். கைக்கு இரண்டு பிடிகள்."

அது உண்மையே. விழிஞ்ஞத்தில் கிடங்கு முற்றத்தில் தண்டவாளத்தின்மேல் ஓடும் பளுதூக்கிகளைத் தொலைவிலிருந்தே இயக்குகின்றனர். இயக்குவோருள் பெண்களும் உளர். நம் நாட்டில் இவ்வேலைக்குப் பெண்கள் வந்தது இங்கேதான் முதல் முறை என்று நாளிதழ்கள் எழுதின. அவர்களுள் விழிஞ்ஞத்தையும் சுற்றுக் கடலோர ஊர்களையும் சேர்ந்த மீனவக் குடும்பத்துப் பெண்கள் இருக்கின்றனர்.

இதைக் கேட்டவுடன் மருமகப் பிள்ளை, "மாமா, நான் செய்வதும் இந்த வேலைதானே!" என்று கூறித் தகரப் பெட்டியைத் திறந்தான்.

உள்ளே ஒரு பந்தயக் கார் இருந்தது. பத்தில் ஒரு பங்கு அளவு. எடை ஒன்றரைக் கிலோ இருக்கும். மின்கலத்தால் ஓடுவது, கையிலுள்ள ஒரு சாதனத்திலிருந்து ரேடியோ அலை மூலம் அதனைத் திருப்பவும் விரைவுபடுத்தவும் நிறுத்தவும் இயலும். பொம்மை என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வருகிறது. கோபத்தில் நியாயமும் உண்டு. இத்தாலியில் எல்ஜி என்னும் நிறுவனம் 1966-இல் பெராரிக் கார் ஒன்றின் சிற்றுருவை இவ்வகையில் ஓடச் செய்தது. ஜப்பானில் தமியா நிறுவனம் 1976-இல் போர்ஷே காரின் சிற்றுருவை வெளியிட்டபின் இது வீட்டுக்கு வீடு பரவிற்று. இன்று இதற்கு உலகப் பந்தயங்களே நடைபெறுகின்றன. நாகர்கோவிலில் இவனும் தோழர்கள் நால்வரும் கூடைப்பந்துத் தளம் ஒன்றில் மாலை வேளைகளில் ஓட்டிப் பழகுகின்றனராம்.

ஞாயிறாதலின் வள்ளங்கள் பல கடலுக்குச் செல்லவில்லை. மீன் ஏலம் நடக்கும் காங்கிரீட் தளம் கழுவிவிடப்பட்டு ஈரம் உலர்ந்துகொண்டிருந்தது. அங்கே வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம், "தாத்தா, இங்கே சிறிது நேரம் இதை ஓட்டலாமா?" என்று பிள்ளை கேட்டான். "ஓட்டு மக்களே, வலையில் மட்டும் ஏற்றிவிடாதே" என்றார் அவர். அவருடைய தாய் பிறந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் என்பதால் அவர் பேச்சு நம் பேச்சாகவே இருந்தது.

கார் சீறிக்கொண்டு ஓடிற்று. ஆனால் பத்தடிக்கு ஒரு முறை தளத்தில் இணைப்புக் கோடு வரும் இடமெல்லாம் தவளை போல் குதித்தது. வளைவில் திருப்பினால் பின்பக்கம் வீசி, முகம் வந்த திசையையே பார்க்கச் சுழன்று நின்றது. கூடைப்பந்துத் தளத்தில் ஒழுங்காக ஓடிய கார் இங்கே இவ்வாறு செய்வதேன்?

அடுத்த ஒரு மணி நேரம் நாங்கள் கண்டது ஒரு பாடம். பிள்ளை காரைக் கவிழ்த்து வைத்துச் சக்கரங்களின் அருகே இருந்த நான்கு சிறு குழல்களைக் காட்டினான். ஒவ்வொரு குழலையும் சுற்றி ஒரு ஸ்பிரிங், குழலுக்குள் எண்ணெய், எண்ணெய்க்குள் ஊசித் துளைகள் இட்ட ஒரு சிறு தட்டு. சக்கரம் மேட்டில் ஏறும்போது ஸ்பிரிங் அமுங்குகிறது. தட்டு எண்ணெயைத் துளை வழியே பிதுக்கிக்கொண்டு நகர்கிறது. ஸ்பிரிங் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். ஆனால் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அந்தத் துள்ளலை விழுங்கிவிடுவது எண்ணெய்.

நம் பாட்டன்மார் கட்டை வண்டிக்கும் வில்வண்டிக்கும் உள்ள வேற்றுமையை நன்கறிவர். அச்சின்மேல் இரும்புப் பட்டை வில்லை வைத்துக் கூண்டைத் தூக்கியதால்தான் அதற்கு வில்வண்டி என்று பெயர். வில் மட்டுமே இருந்தால் மேட்டில் ஏறிய வண்டி வெகு தூரம் குலுங்கிக்கொண்டே போகும். பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதால்தான் அக்குலுக்கல் அடங்கிற்று. பெரம்பூரில் 1955-இல் தொடங்கிய இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை கட்டிய பெட்டிகளில், சக்கர அச்சின் அருகே சுருள் ஸ்பிரிங்குக்குள் எண்ணெய்க் குழல் வைத்தனர். அந்த எண்ணெய் கசிந்து குறைந்தால் பெட்டி ஆடத் தொடங்கும். ஆகவே பணிமனையில் அதனைச் சோதித்து நிரப்புவது வழக்கமான வேலை. வில்வண்டியும் பெரம்பூர்ப் பெட்டியும் இந்தச் சிறு காரும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை என்பது அங்கேதான் எங்களுக்கு விளங்கிற்று.

பிள்ளை முதலில் ஒரு சோதனை செய்து காட்டினான். காரின் பின்பக்கத்தை நான்கு விரல் உயரம் தூக்கி விட்டான். அது விழுந்து, அமுங்கி, மீண்டும் சிறிது எழும்பிப் பின் நின்றது. "விழுந்தால் ஒரு முறை அமுங்கி, தன் உயரத்துக்கு வந்து, அதோடு நிற்க வேண்டும் மாமா. மறுபடி எழும்பினால் எண்ணெய் மெல்லியது. எழும்பவே சோம்பினால் எண்ணெய் தடித்தது" என்றான். அப்படியானால் தடித்த எண்ணெயை ஊற்றிவிடலாமே என்றோம். அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. இணைப்புக் கோட்டைப் போன்ற கூரிய மேட்டில் சக்கரம் கண்ணிமைக்கும் நேரத்தில் மேலேற வேண்டும். எண்ணெய் மிகத் தடித்திருந்தால் சிறு துளை வழியே அவ்வளவு விரைவில் ஓட இயலாமல் அடைத்துக்கொள்ளும்; அந்த நொடியில் ஸ்பிரிங் இருந்தும் இல்லாததற்கு ஒப்பாகும்; கார் முழுவதும் கட்டை வண்டி போல் எகிறிவிடும். ஆகவே இத்தளத்துக்கு ஸ்பிரிங்கைத்தான் இளக்க வேண்டும். இளகிய ஸ்பிரிங்கின் துள்ளல் சோம்பலானது; அதனை அடக்க இருக்கிற மெல்லிய எண்ணெயே போதும்.

பின்பக்கம் வீசியதற்கு வேறு வைத்தியம். வளைவில் திரும்பும் வண்டியின் பாரம் வெளிப்பக்கச் சக்கரங்களின்மேல் சாய்கிறது. முன் அச்சு, பின் அச்சு இரண்டில் எது விறைப்பாக இருக்கிறதோ, அதன் வெளிச் சக்கரமே சாய்ந்து வரும் பாரத்தில் பெரும்பங்கை ஏற்கிறது. ஒரே சக்கரம் மிகுதியாகச் சுமந்தால் அந்த அச்சுக்குத் தரையில் உள்ள மொத்தப் பிடி குறைந்துபோகிறது. முன்பக்கம் பிடியிழந்தால் கார் திரும்ப மறுத்து நேரே ஓடும். பின்பக்கம் பிடியிழந்தால் வால் வீசும். ஆகவே வால் வீசும் காருக்குப் பின்பக்கத்தை இளக்க வேண்டும். கெட்டியாக்கினால்தான் பிடிக்கும் என்று நம் மனம் சொல்லும். காரோ இளக்கினால்தான் பிடித்துக்கொள்கிறது! பிள்ளை பின்பக்கத்து ஸ்பிரிங் இரண்டையும் கழற்றி மெல்லியவற்றைப் பூட்டி ஓட்டினான். பாதி குறைந்தது. பிறகு, இடமும் வலமும் சாய்வதைத் தடுக்கக் குறுக்கே வைத்திருந்த சிறு கம்பியைப் பின்புறத்திலிருந்து எடுத்துவிட்டான். முக்கால் பங்கு குறைந்தது. இப்படிப்பட்ட சாய்வுத் தடுப்புக் கம்பி இன்றைய எல்.எச்.பி. புகைவண்டிப் பெட்டிகளிலும் உண்டு என்று நண்பர் நினைவூட்டினார். கடைசியாகப் பின் சக்கரங்களின் முன்விளிம்பு இம்மியளவு உட்பக்கம் பார்க்குமாறு திருகி வைத்தான். கார் கோடு போட்டாற்போல் ஓடிற்று.

இவற்றையெல்லாம் ஒரே முறையில் செய்துவிட்டால் நேரம் மிச்சமாகுமே என்று வீட்டம்மாள் கேட்டார். "மூன்றையும் மாற்றி நன்றாக ஓடினால் எதனால் ஓடியது என்று தெரியாதே அத்தை" என்றான் அவன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வரி எழுத ஒரு குறிப்பேடு வைத்திருந்தான். கணக்கு எழுதியே காலந்தள்ளும் எங்களுக்கு அந்தக் குறிப்பேட்டைப் பார்த்து மனம் நிறைந்தது.

இனி, ஐரினாக் கப்பலுக்கு வருவோம். தொங்கும் பெட்டகத்துக்கும் இந்தக் காருக்கும் என்ன உறவு? பள்ளி இறுதி வகுப்பில் நாமெல்லாம் தனி ஊசல் படித்திருக்கிறோம். கயிற்றின் நீளந்தான் ஊசலாடும் காலத்தை நிர்ணயிக்கும். தொங்கும் கல்லின் எடை அன்று. 20 மீட்டர் கயிற்றில் தொங்கும் பாரம் ஒரு முறை போய்த் திரும்ப ஏறத்தாழ 9 வினாடி ஆகும். ஸ்பிரிங்குக்கும் இதே கணக்கு என்பதைப் பிள்ளை தாளில் போட்டுக் காட்டியபோது வியப்புற்றோம். வண்டியின் எடையால் ஸ்பிரிங் எவ்வளவு அமிழ்கிறதோ, அவ்வளவு நீளமுள்ள ஊசலின் காலத்தில்தான் அவ்வண்டி மேலும் கீழும் ஆடுமாம். ஒரு சாண் அமிழும் பெட்டி ஒரு வினாடிக்குச் சற்றுக் குறைவான நேரத்தில் ஒரு முறை ஆடும். அரைச் சென்டிமீட்டர் அமிழும் இந்தச் சிறு காரோ வினாடிக்கு ஏழு முறை ஆடிவிடும்.

ஏழு முறை என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். நாம் ஒன்றைக் கண்ணால் கண்டு கையை அசைப்பதற்கே ஐந்தில் ஒரு வினாடி ஆகிறது. அதற்குள் காரின் ஓர் ஆட்டம் முடிந்து அடுத்தது தொடங்கிவிடும். ஆகவே ஓடும்போது ஓட்டுபவன் அதனைத் திருத்த வழியில்லை. புகைவண்டியிலாவது ஓட்டுநர் உடல் வண்டிக்குள் இருக்கிறது. பாதையின் குறையைப் பாதமும் முதுகும் சொல்லிவிடும். எஞ்சினில் ஏறி நின்று குலுக்கலைக் கொண்டே பாதையைச் சோதிக்கும் பொறியாளர்களை நாங்கள் அறிவோம். ஆட்டத்தை அளந்து பதியும் கருவிகள் வந்த பின்னும் அவ்வழக்கம் நிற்கவில்லை. ரேடியோக் கார் ஓட்டுபவனுக்கு அந்த உதவி கிடையாது. அவன் உடல் கரையில், கார் தூரத்தில். உடல் செய்ய வேண்டியதை முன்னதாகவே ஸ்பிரிங்கிலும் எண்ணெயிலும் வைத்து அனுப்பிவிட வேண்டும்.

பளுதூக்கியில் நிலைமை நேர்மாறு. 9 வினாடி என்பது நீண்ட நேரம். தேர்ந்த கை அதற்குள் ஆட்டத்தைப் பிடித்துவிடலாம். ஊஞ்சலை நிறுத்தத் தெரிந்த தாய்மார் அதனைத் தடுத்து நிறுத்துவதில்லை. அது போகும் பக்கமே நாலடி உடன் சென்று, உச்சியில் பிடித்துக்கொள்வர். பழைய பளுதூக்கி ஓட்டுநர்களும் அதையே செய்தனர். பெட்டகம் முன்னால் வீசும்போது மேலே உள்ள தள்ளுவண்டியையும் அதன் பின்னாலேயே ஓட்டி, வீச்சு முடியும் இடத்தில் நேர் மேலே கொண்டு நிறுத்துவர், ஆட்டம் செத்துவிடும். ஆயிரக்கணக்கான பெட்டகங்களைக் கையாளும் துறையில் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆட்டம் காத்திருந்தாலும் கப்பல் மணிக்கணக்கில் காத்துக் கிடக்கும். ஆகவே இன்று கயிறுகளை நேராகத் தொங்கவிடாமல் சாய்வாகப் பின்னிக் கட்டி ஆட்டத்தைக் குறைக்கின்றனர். மீதி ஆட்டத்தைக் கணிப்பொறி அளந்து தள்ளுவண்டியின் ஓட்டத்தைத் தானே கூட்டிக் குறைத்து அடக்குகிறது. நாற்காலியில் இருப்பவருக்கு எஞ்சுவது எங்கே இறக்குவது என்ற தீர்மானமும், இயந்திரத்தை எப்போது நம்பலாகாது என்ற எச்சரிக்கையுந்தான். எஞ்சியது சிறிது என்று எண்ணிவிட வேண்டா. 30 டன் இறங்குமிடத்தில் அது சிறிதன்று.

ஆட்டத்தை அடக்குவதற்கு மாறாக ஆட்டத்தைப் பயன்படுத்தப் பார்த்ததும் இதே விழிஞ்ஞந்தான். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் 1991-இல் இங்குள்ள அலைத்தடுப்புச் சுவரில், அறைக்குள் ஏறி இறங்கும் கடல்நீர் காற்றை அழுத்தி விசிறியைச் சுழற்றும்படி செய்து, 150 கிலோவாட் மின்நிலையம் ஒன்று நிறுவினர். இன்று அது இயங்கவில்லை.

இவ்வளவையும் வலை பொத்தியவாறே கேட்டுக்கொண்டிருந்த முதியவர், "எங்கள் கட்டுமரத்தில் ஸ்பிரிங்கும் இல்லை, எண்ணெயும் இல்லை. அலை வருகிறது என்று மரம் காலுக்குச் சொல்லும்; கால் முட்டுக்குச் சொல்லும். முட்டு மடங்கிக் கொடுக்கும். தலைக்குச் செய்தி போவதற்குள் வேலை முடிந்துவிடும்" என்றார். எவ்வளவு அழகாகச் சொல்லிவிட்டார்! நாங்கள் ஊசலும் கணக்கும் கொண்டு ஒரு மணி நேரம் பேசியதை அவர் முழங்காலால் சொல்லிவிட்டார். அதே முதியவர்தாம், 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது, ஐம்பது ஆண்டு கடலில் நின்ற கால்களும் ஒன்றும் அறியாமல் போயின என்று அடுத்த மூச்சில் சொன்னார். அவருடைய தாய்வழி ஊரில் திரும்பாதவர் பலர்.

2022 ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை இத்துறைமுகத்தை எதிர்த்து மீனவ மக்கள் நடத்திய போராட்டத்தைப் பற்றி நாம் படித்திருக்கிறோம். கட்டுமானத்தால் கரை அரிக்கப்பட்டு வீடுகள் கடலுக்குள் போகின்றன என்பது அவர்கள் முறையீடு. துறைமுகத்தார் அதனை மறுத்தனர். முதியவரும் பந்தலில் பல நாள் அமர்ந்தவர். "இப்போது அங்கே பார்" என்று வலை ஊசியால் தெற்கே சுட்டினார். "என் பேத்தி பட்டம் படித்திருக்கிறாள். அந்தப் பெட்டி தூக்கும் வேலைக்கு மனுப் போட்டிருக்கிறாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போ என்று சொல்லவும் வரவில்லை." சிறிது நேரம் கழித்து எங்களைப் பார்த்து, "நீங்கள் சர்க்கார் உத்தியோகம் பார்ப்பவர்கள். எல்லாம் தானாக ஓடும் என்கிறீர்களே, அப்படியானால் இந்த வேலை எத்தனை நாளைக்கு?" என்று கேட்டார்.

நேரான கேள்வி. நண்பர் தமக்குத் தெரிந்ததைச் சொன்னார். நீராவி எஞ்சின்கள் மறைந்தபோது, அடுப்பில் கரி அள்ளிப்போட்ட ஃபயர்மேன்கள் பலர் டீசல் எஞ்சினில் உதவியாளராகப் பயிற்சி பெற்றுத் தொடர்ந்தனர். ஆனால் அவர்களுக்குப் பின் ஃபயர்மேன் என்னும் வேலைக்குப் புதிதாக ஆள் எடுக்கவில்லை. எஞ்சினை உள்ளும் புறமும் அறிந்தவருக்கு மறு இடம் கிடைத்தது. கரி அள்ள மட்டும் தெரிந்தவர் திண்டாடினர். "ஆகையால் உங்கள் பேத்தி பிடியைப் பிடிப்பதோடு நில்லாமல், அந்த இயந்திரம் ஏன் ஆடுகிறது, எதனால் அடங்குகிறது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்" என்றார். முதியவர் தலையசைத்தார், திருப்தியாலா, மரியாதைக்கா என்பது தெரியவில்லை.

மாலை ஐந்து மணியளவில் அந்தப் பெண்ணே பாட்டனாரை அழைத்துப் போக வந்தாள். பிள்ளை கூச்சத்தோடு ரேடியோச் சாதனத்தை அவளிடம் நீட்டினான். முதலில் அதில் ஒரு திருகை மாற்றி, விரலை முழுதும் அழுத்தினாலும் பாதி வேகமே வருமாறு குறைத்துக் கொடுத்தான். புதியவர்க்கு அப்படித்தான் கொடுக்க வேண்டுமாம். அவள் காரை விரைவாக ஓட்ட முயலவே இல்லை. தளத்திலிருந்த இணைப்புக் கோடு ஒன்றைத் தேர்ந்துகொண்டு, முன் சக்கரம் சரியாக அக்கோட்டின்மேல் நிற்குமாறு நிறுத்தப் பார்த்தாள். முதல் முறை ஓரடி தாண்டிப் போயிற்று. இரண்டாம் முறை குறைந்தது. நான்காம் முறை நின்றது. "இதைத்தான் அங்கே கேட்பார்கள்" என்று கூறிச் சாதனத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

அலையோரத்து ஈர மணலிலும் ஓட்டிக் காட்டு என்று முதியவர் கேட்டார். உப்புநீர் பட்டால் சக்கரத்துக் குண்டுகள் ஒரே வாரத்தில் துருப்பிடித்துவிடும் என்று பிள்ளை மறுத்துவிட்டான். வள்ளத்து எஞ்சினை ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டியிருப்பதை அறிந்தவராதலின் அவர் வற்புறுத்தவில்லை.

செல்ல விரும்பும் அன்பர்கள், கோவளத்துக் கலங்கரை விளக்கத்தின்மேல் ஏறினால் விழிஞ்ஞம் முழுவதையும் பளுதூக்கிகளோடு ஒருங்கே காணலாம். 1972-இல் அமைந்த அவ்விளக்கம் 36 மீட்டர் உயரம். குடைவரைக் கோயிலைக் காலையிலேயே பார்த்துவிடுவது நலம். நண்பகலில் பாறை சுடும். மீன்பிடித் துறையில் உணவு விடுதிகள் பல உண்டு. சைவர்கள் கையில் கட்டுச்சோறு கொண்டு செல்லலாம்.

திரும்பும் பேருந்தில் இடம் கிடைத்தது. விளக்கு வெளிச்சம் போதாத அந்த வண்டியில் பிள்ளை குறிப்பேட்டைத் திறந்து அன்றைய ஸ்பிரிங், எண்ணெய், கம்பி ஆகியவற்றை வரிசையாக எழுதினான். குறிப்பு என்ற இடத்தில், தளம் ஈரம், மீன் கழுவிய வழுவழுப்பு, ஓட்டியவர் இருவர் என்று சேர்த்தான்.